சிக்கெடுக்க ஆளில்லை, அக்கா

என் உயிரே, செல்வி அக்கா,

என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எனக்கும் உன் நோய்தான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன் நோய்க்குப் பெயர் தெரியவந்தபோது நீ படுத்த படுக்கை. டாக்டர் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியிருக்காது. எனக்குப் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் உள்ளே இருக்கும் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டுமாம். அது முறுக்கிக் கிடக்கும் இரண்டு இழை. முறுக்கைப் பிரித்தால்தான் நகல். பிரிப்பவை ஹெலிகேஸ் என்ற நொதிகள். அதில் பல வகை. ஒன்று முன்னால் பிரித்துக்கொண்டே போகும். இன்னொன்று சிக்கு விழுந்த இடத்தில் நின்று எடுத்துவிடும். அந்த இன்னொன்றுதான் நம் உடம்பில் வேலை செய்வதில்லை. நகல் நடுவில் நின்றுபோகிறது, இழை அறுந்துபோகிறது, செல்லுக்குச் சீக்கிரமே வயதாகிவிடுகிறது.

எனக்கு உன் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. பள்ளி விட்டு வந்ததும் என் சடையைப் பிரிப்பாய். "ஆடாதடி, இழுத்தா அந்துரும்" என்பாய். இருபது சொச்சம் வயதில் அப்போதே உன் தலை நரைத்திருந்தது.

அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று கட்டிவைத்தார்கள். ஒரே குடும்பத்துப் பழுது அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று நமக்கு ஜோடியாக வந்தது. ஒன்று மட்டும் வந்திருந்தால் தப்பித்திருப்போமாம். யாரைத் திட்டுவது? கல்யாணப் படத்தில் அத்தனை பேரும் பல் தெரியச் சிரிப்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

"இதுக்கு மருந்து இருக்கா டாக்டர்?"

"இப்போதைக்கு இல்லமா. கண்ணு, சக்கரை, கால் புண்ணு எல்லாம் வர வர பார்த்துக்கலாம். கேன்சர் செக்கப் மட்டும் விடாதீங்க."

உனக்கும் அப்படித்தான் பார்த்தார்கள். பார்த்து என்ன ஆயிற்று?

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு சிப் சோதிக்கும் வேலை எனக்கு. கொஞ்ச நாளாக எவ்வளவு துடைத்தாலும் லென்ஸ் மங்கலாகவே இருந்தது. லென்ஸைத் திட்டித் தீர்த்தேன். புரை என் கண்ணில் இருக்கிறது.

ஜார்ஜ் டவுன் பசாரில் அந்த மீன்காரர் நினைவிருக்கிறதா? "அம்மா, மக வந்திருக்குலா, நல்ல கெம்போங் மீனா எடுத்துட்டுப் போங்க" என்றாரே! நான் வாயைத் திறப்பதற்குள், "ஆமாண்ணே, என் மகதான். முள்ளு எடுத்துக் குடுத்தாதான் சாப்பிடும்" என்றாய். ஃபெரியில் ஏறி பாகான் டாலாம் வீடு வந்து சேரும்வரை சிரித்தாய். உனக்கு அப்போது முப்பதுகூட நிறையவில்லை. அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாய், அக்கா?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அதே கடைக்குப் போனேன். தலைக்குச் சாயம் பூச மனமில்லாமல் விட்டிருந்தேன். கடையில் புது ஆள். "அக்கா தங்கச்சியா? முகம் அப்படியே இருக்குலா!" என்றார்.

அம்மா கையிலிருந்த மீனை வைத்துவிட்டு என் தலையைப் பார்த்தாள். நீயாக இருந்தால் பட்டென்று எதையாவது சொல்லியிருப்பாய். நான் பர்ஸைத் துழாவினேன். அம்மாதான் சொன்னாள்: "மக, தம்பி. சின்னவ."

மீன் வாங்காமலேயே திரும்பினோம். ஃபெரியில் என் மணிக்கட்டைப் பிடித்தவள் கரை வந்தும் விடவில்லை. இனி அவளிடம் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு முன்னால் போகமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க ஆசைதான், அக்கா. முடியாது. ஆனால் அடுத்த முறை யாராவது கேட்டால் அவளைப் பதில் சொல்ல விடமாட்டேன். நானே முந்திக்கொள்வேன். சிரித்துக்கொண்டே அம்மாவைக் காட்டி, "ஆமா, என் தங்கச்சிதான்" என்பேன்.

உன் தங்கை,
மீன் கடையில் மட்டும் உன் மகள்,
கலா