வெறும் வயிற்று நம்பர்

கராடி, புனே
8 ஜூலை 2024

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

தம்பி ஆபிரகாம் எழுதுகிறேன். இங்கே நான், மகன் லிபின், மருமகள் அலினா மூவரும் கர்த்தருடைய கிருபையில் சுகம். மூன்று நாளாக மழை விடவில்லை. எங்கள் ஃபிளாட் சொசைட்டி வாசலில் முழங்கால் தண்ணீர். துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை.

உனக்கு வேண்டியது மழைக்கதை இல்லை, நம்பர்தானே? இன்று காலை வெறும் வயிற்றில் நூற்றுப் பதினொன்று. இருநூறை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த அதே சுகர்தான். லிபின் நம் இருவருக்கும் ஒரே மாதிரி மெஷின் வாங்கித் தந்ததும், கடிதத்துக்குக் கடிதம் நம்பர் எழுத வேண்டும் என்று நீ சட்டம் போட்டாய். உன்னிடம் தோற்றுத் தலைகுனியப் போகிறேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எப்படி இறங்கியது என்று கேட்பாய். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். அலினா "பப்பா, ஏக் சப்பாத்தி தோ லே லோ", ஒரு சப்பாத்தியாவது சாப்பிடுங்கள் என்று தினமும் கெஞ்சுகிறாள். நான் கேட்பதில்லை. சாயங்காலம் ஏரவாடாவுக்குப் போய் வசந்தகுமாரோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன். ரஞ்சன்காவ் கம்பெனியில் என்னோடு ஷிஃப்ட் பார்த்தவன், உனக்குத் தெரியும். பழைய கதை பேசுவோம்.

எஸ்தரை அடக்கம் பண்ணிய அன்று நீ என் கையைப் பிடித்து வாங்கிய வாக்கு அப்படியே இருக்கிறது. அதை நீ கேட்குமுன் நானே எழுதிவிடுகிறேன்.

போனில் பேசலாமென்றால் உனக்குக் காது கேட்பதில்லை. நான் கத்தினால் எதிர் ஃபிளாட்காரர் வந்து பெல் அடிக்கிறார். ஆகவே கடிதமே போடு.

உன் தம்பி,
ஆபிரகாம்


நாசரேத்
17 ஜூலை 2024

அன்புத் தம்பி ஆபிரகாமுக்கு அக்கா எழுதுவது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அடுத்த வீட்டு ரீனாவைக் கூப்பிட்டு அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். அதோடு நின்றேனா? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டேன். என் தம்பி மனைவியை இழந்தும் குடிக்குத் திரும்பவில்லை, நாவை அடக்கினான், கர்த்தர் அவன் சரீரத்தைச் சுகமாக்குகிறார் என்று சொன்னேன். குருவானவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உன் பேரில் ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டேன். நீ வெட்கப்படுவாய், படு.

என் நம்பரைக் கேட்காதே. நூற்றுத் தொண்ணூற்றாறு. எனக்கு ராத்திரி இட்லி இல்லாமல் தூக்கம் வராது, தெரியும்தானே? ஆனால் சின்னவன் நீயே அடக்கும்போது எனக்கென்ன கேடு? நேற்றிலிருந்து என் வீட்டிலும் ராத்திரி அடுப்புக் கிடையாது. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஜெபித்துவிட்டுப் படுக்கிறேன். "என்னத்தே, புதுசா நோன்பு?" என்று ரீனா கேலி பண்ணுகிறாள்.

அலினாவின் மனதை நோகடிக்காதே. நல்ல பிள்ளை.

உனக்காக ஜெபிக்கும்
அக்கா சத்தியவதி


கராடி
26 ஜூலை

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். நீ அப்படிச் செய்யாதே. என் உடம்பு வேறு, உன் உடம்பு வேறு. பெண்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். ராத்திரி இரண்டு இட்லியாவது சாப்பிடு.

சங்கத்தில் ஏன் சொன்னாய்? காணிக்கை ஏன் போட்டாய்? அதற்கெல்லாம் தகுதியான ஆள் இல்லை நான்.

ஆபிரகாம்


நாசரேத்
5 ஆகஸ்டு 2024

அன்புத் தம்பிக்கு,

தகுதியில்லை என்று சொல்கிறவனைத்தான் கர்த்தர் தூக்குவார். பேசாமல் இரு.

பெண்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன டாக்டர் யாரப்பா? நான் உன்னை முந்திவிடுவேன் என்று பயந்து நீயே உண்டாக்கிய டாக்டரா? முந்திவிட்டேன், கேட்டுக்கொள். இன்று காலை எண்பத்தெட்டு!

விடியற்காலையில் கொஞ்சம் வேர்க்கிறது, கை நடுங்குகிறது. வயசு அறுபத்தெட்டு ஆகிறதே, நடுங்காமல் என்ன செய்யும்? நேற்று ஆலயத்தில் பாட்டு நம்பரை மாற்றித் திறந்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

லிபினை இன்னும் கொஞ்சம் தமிழில் பேசச் சொல். போனில் "அத்தை, கைசீ ஹோ?" என்று என் சுகம் விசாரித்தானாம். ரீனா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

சத்தியவதி


நாசரேத்
20 ஆகஸ்டு 2024

அன்புள்ள தம்பிக்கு,

ரீனா லிபினுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருப்பாள். நான் பிழைத்துக்கொண்டேன். பயப்படாதே, டிக்கெட் போட்டு ஓடி வராதே.

பால் வாங்க நான் கதவைத் திறக்கவில்லையாம். ரீனா பின்வாசல் வழியாக வந்து பார்த்தால் அடுக்களையில் விழுந்து கிடந்தேனாம். வாய் குழறிற்றாம், அவளை அடையாளம் தெரியவில்லையாம். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றினார்கள். நம்பர் முப்பத்தைந்துக்குப் போயிருந்தது என்றார்கள். நெற்றியில் ஐந்து தையல். இடது கையில் கட்டு. அதனால் என்ன, எழுதுகிற கை நன்றாக இருக்கிறது.

சின்ன வயசு டாக்டர் ஒருத்தி இருந்தாள். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கலாமா என்று என்னைத் திட்டித் தீர்த்தாள். சரி சரி என்று தலையாட்டி வைத்தேன். ஆனால் ஆபிரகாம், நான் விடுவதாக இல்லை. தம்பிக்குச் செய்தவர் அக்காவுக்குச் செய்யமாட்டாரா? நான்தான் விசுவாசத்தில் குறைந்துபோனேன், நடுவில் ஒருநாள் முறுக்குத் தின்றேன். கட்டுப் பிரித்ததும் மறுபடி தொடங்குவேன்.

நீ மட்டும் விடாதே. உன் நம்பரைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம்.

அக்கா


கராடி
27 ஆகஸ்டு

அக்கா,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. நான் பதில் எழுதி, அது உன்னிடம் வந்து சேருமுன் நீ மறுபடி பட்டினி தொடங்கிவிடுவாய் என்று பயம் பிடித்துக்கொண்டது. ரீனாவுக்குப் போன் போட்டேன். அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள், நான் சொல்வதை அப்படியே சொல் என்றேன். அவள் உன் காதில் கத்தியது இங்கே எனக்கும் கேட்டது.

"அத்தே! ஒங்க தம்பி தெனமும் குடிக்கிறாவளாம்! அதாம் நம்பர் எறங்குச்சாம்! நீங்க சாப்புடணுமாம்!"

"அத்தே உள்ள போயிட்டாவ" என்று சொல்லி ரீனா போனை வைத்தாள்.

இனி நானே எழுதுகிறேன். வசந்தகுமார் வீட்டில் தினமும் குடிக்கிறேன், அக்கா. மே மாதத்திலிருந்து. விஸ்கியில் சர்க்கரை இல்லை, சோறுதான் கெடுதல் என்று நாங்களே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தோம். குடிக்கப் போகிறோமே என்று சோற்றை விட்டேன். வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வாடை வராமல் அறைக் கதவைச் சாத்திப் படுத்தேன். காலையில் நம்பர் இறங்கியிருந்தது. எனக்கே ஆச்சரியம். உனக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக் காரணத்தை எழுதினேன்.

இன்று சாயங்காலமே இங்குள்ள டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஈரல்தான் ராத்திரியில் உடம்புக்குச் சர்க்கரை எடுத்துக் கொடுக்குமாம். சாராயம் உள்ளே போனால் அந்த வேலையை விட்டுவிட்டுச் சாராயத்தைக் கவனிக்கப் போய்விடுமாம். கூடவே மாத்திரையும் வெறும் வயிறும். "நீங்கள் சந்தோஷப்பட்ட நம்பர் குழிக்குப் போகிற வழி" என்றார். நான் விழ வேண்டிய இடத்தில் நீ விழுந்திருக்கிறாய்.

வேண்டாம் என்று உனக்கு எழுதினேனே, அப்போதுகூட இல்லாத டாக்டர் ஒருவரை உண்டாக்கினேனே தவிர, குடிக்கிறேன் என்ற ஒரு வார்த்தை எழுதவில்லை. உன் நெற்றித் தையலை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் கூசுகிறது.

ஆபிரகாம்


நாசரேத்
4 செப்டம்பர் 2024

ஆபிரகாமுக்கு,

சாப்பிட்டேன். அன்று ராத்திரி இரண்டு இட்லி. கோபத்தில் இன்னும் ஒன்று.

ரீனா கத்தியதைத் தெருவே கேட்டது. அதனால் சங்கத்தில் நானே முந்திக்கொண்டேன். என் தம்பி குடிக்கிறான், நான் சொன்னது பொய்ச் சாட்சி என்று சொல்லி உட்கார்ந்தேன். அன்றைக்குக் கண்ணைத் துடைத்தவர்கள் இன்றைக்குத் தரையைப் பார்த்தார்கள். என்னை இப்படி நிற்க வைத்தாயே, பாவி!

எஸ்தரின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உன்னிடம் வாக்கு வாங்கினேன். அழுதுகொண்டிருக்கிறவன் எதைக் கேட்டாலும் தருவான். அது உனக்குத் துணையாக இல்லை, பொய் சொல்லத்தான் காரணமாயிற்று. அதில் என் பங்கு இருக்கிறது. ராத்திரியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஆனால் இதைக் கேள். எனக்கு வாய் குழறியபோது ரீனா பதறினாள். ஏன்? சத்தியவதி குடிக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். உனக்குக் குழறினால் யார் பதறுவார்கள்? வேர்வை, தள்ளாட்டம், குழறல், எல்லாம் குடித்தவனுக்கும் சுகர் இறங்கியவனுக்கும் ஒன்றுபோல இருக்குமாம், அந்தச் சின்ன டாக்டர் சொன்னாள். வாயில் வாடை வந்தால் தூங்கட்டும் என்று போர்த்திவிட்டுப் போவார்கள். விடிந்தால் நீ இருக்கமாட்டாய்.

லிபினுக்குத் தெரிய வேண்டும். இத்தோடு அவனுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதை அவன் கையில் கொடு. கொடுத்தேன் என்று எழுதினால்தான் உனக்கு மறுபடி கடிதம் போடுவேன்.

சத்தியவதி


கராடி
13 செப்டம்பர்

அக்கா,

கொடுத்தேன். நேற்று ஆபீசிலிருந்து வந்ததும் அவன் கையில் கொடுத்தேன்.

அவன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பப்பா, எனக்கு இது படிக்க வராதே. நீங்க பட் கே சுனாவோ, வாசிச்சுக் காட்டுங்க" என்றான். நமக்கு இது தோன்றவே இல்லை, பார்த்தாயா? அலினாவும் வந்து உட்கார்ந்தாள். என்னைப் பற்றி நீ எழுதியதை நானே வாசித்து, இந்தியிலும் சொன்னேன். உன் அப்பா தினமும் குடிக்கிறான். உளறினாலோ வேர்த்தாலோ போதை என்று விட்டுவிடாதே, விரலில் குத்திப் பார். குறைந்திருந்தால் சீனித் தண்ணீர் கொடு. விழுங்க முடியாமல் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. அலினா அழுதாள். தான் தட்டோடு வந்து கெஞ்சிய ராத்திரிகளை நினைத்திருப்பாள். லிபின் என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தையே பார்த்தான்.

நேற்றும் இன்றும் ஏரவாடாவுக்குப் போகவில்லை. நாளைக்கும் போகமாட்டேன் என்று எழுதப் பேனா வரவில்லை. உனக்கு இனி வாக்குக் கொடுக்கமாட்டேன், நடந்ததை மட்டும் எழுதுவேன்.

நடந்தது இதுவும்தான். கடைசியில் நீ ஒரு வரி எழுதியிருந்தாய்: "உன் அப்பா பொய் சொல்லுவான், அவன் சொல்வதை நம்பாதே, நீயே பார்." அதை நான் வாசிக்கவில்லை. தாண்டிப்போய், உன் கையெழுத்தை மட்டும் வாசித்துக் காகிதத்தை மடித்தேன். யாருக்குத் தெரியும்?

"அவ்வளவுதானா, பப்பா?" என்றான் லிபின்.

"இல்ல," என்றேன். காகிதத்தைப் பிரித்து அந்த வரியை வாசித்தேன்.

உன் தம்பி,
ஆபிரகாம்