ஏகாதசிக்கு ஆகும் மாத்திரை

ஐப்பசி 5, புதன்

விடிந்ததிலிருந்து மழை. ஜீயபுரத்து வாழை இலை சரியாக வரவில்லை. வந்த நாலு கட்டும் கிழிசல். ஹோட்டல்காரன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். எழுத நேரம்.

முதலில் ஒன்று. இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். ஆடியிலேயே, வாசலில் நின்று, சத்தமாக: (1) அந்த மாத்திரை விலை ஏறும். (2) டாக்டர் சீட்டு முடிகிற நேரம் பார்த்து வம்பு வரும். (3) வேதா ஒரு நாள் அதை நிறுத்துவாள். மூன்றும் ஆயிற்று. அன்றைக்கு யார் கேட்டார்கள்? மாப்பிள்ளை ரங்கராஜன் பேப்பரைத் திருப்பினார், அவ்வளவுதான். (இரண்டாவதைச் சொன்னேனா என்று கொஞ்சம் சந்தேகம். சொல்லியிருப்பேன்.)

வேதா என் அக்காள் பெண், ரங்கராஜன் அவள் புருஷன். முப்பத்தைந்து வயது, கணக்கு டீச்சர். அக்காள் போன பிறகு எனக்கு இந்த வீட்டில்தான் சாப்பாடு. இரண்டு வருஷம் முன்பு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன். கர்ப்பப்பையோடு பக்கத்தில் இருக்கிற இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அங்கே சுரக்க வேண்டியது இப்போது சுரப்பதில்லை. அதையே மாத்திரையாகத் தினம் ஒன்று போட வேண்டும். போட்டால் நம் வேதா. போடாவிட்டால் உடம்பெல்லாம் தணல், உச்சியிலிருந்து வேர்வை, தூக்கம் கிடையாது, அழுகை, எரிந்து விழல். இதில் எனக்குத் தெரிந்தது பாதி டாக்டர்களுக்குத் தெரியாது.

வாங்கி வருவது நான். இலை கமிஷனுக்காகத் தினம் ஆற்றைத் தாண்டி டவுனுக்குப் போகிறவன் இந்த வீட்டில் வேறு யார்?

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை ஏகாதசி. ஏகாதசியில் வேதா மாத்திரை தொடமாட்டாள், எது சேர்ந்திருக்கிறதோ என்று. மாதம் இரண்டு மிஞ்சும். மறுநாள் துவாதசிப் பாரணை முடிந்ததும் போட்டுவிடுவாள். இந்தத் தடவை துவாதசிக்கும் போடவில்லை. இன்றோடு ஐந்து நாள். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் சொன்னாளாம், இந்த மாதிரி மருந்தெல்லாம் மிருகத்திடமிருந்து எடுக்கிறது என்று.

இன்று மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். போர்டில் பாதிக் கணக்கில் மயக்கம். ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: இன்னொரு தடவை என்றால் சம்பளமில்லாத லீவு.

ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். மழைக்குளிரில் எனக்குப் போர்வை வேண்டியிருக்கிறது, அவளுக்கு விசிறி.

"மருந்துக்கு தோஷமில்லைடீ வேதா."

"எதுல பண்றான்னு தெரியாம இனிமே வாயில போட மாட்டேன் மாமா. ரெண்டு வருஷமா முழுங்கிண்டிருக்கேனேன்னு நெனச்சாலே குமட்டறது."

"நான் கேட்டுண்டு வரேன். எனக்குத் தெரியாத டாக்டரா?"

"கேளுங்கோ. மிருகம்னா மிருகம்னு சொல்லிடுங்கோ. இப்படியே எரிஞ்சுட்டுப் போறேன்."

ரங்கராஜன் வாசல்வரை வந்து, "நீங்கதான் மாமா ஏதாவது வழி பண்ணணும்" என்றார். பேப்பரைத் திருப்பின அதே ரங்கராஜன்.

ஐப்பசி 6, வியாழன்

தூறல். புத்தூர் டாக்டரம்மாவிடம். கொண்டு போனது: பழைய சீட்டு (மூன்று தடவை வாங்கியாயிற்று, மூன்று முத்திரை), குடை, கதலிப் பழம் ஒரு சீப்பு. கேட்க வேண்டியது: புதுச் சீட்டு. முப்பதுக்குப் பதில் நூறு. எதில் செய்தது.

நாற்பது பேர் காத்திருந்தார்கள். என் பெயரைக் கேட்டதும் முதலில் கூப்பிட்டார்கள் என்று எழுத ஆசை, பதினேழாவது. பெஞ்சில் பக்கத்து அம்மாள் இன்னொருத்தியிடம்: "எங்க வீட்டுக்காரரு மருந்துச் சீட்டக் குடுத்தா வெலையத்தான் மொதல்ல படிப்பாரு. சீக்கு பேரு கடைசியிலதான்."

உள்ளே போனதும் டாக்டரம்மா எழுந்து நின்றார். அந்த மாதிரி மரியாதை இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும்?

"அவங்க வரலையா?"

"மழை. அவளுக்கு எல்லாம் நான்தான் பாக்கறேன்."

"அஞ்சு நாளா நிறுத்திட்டாங்களா? யார் நிறுத்தச் சொன்னது? முப்பத்தஞ்சு வயசுங்க. இந்த வயசுல அது இல்லாம விட்டா எலும்பு வரைக்கும் கெட்டுப்போகும். வேர்வையோட போற விஷயம் இல்ல."

நூறாக எழுதினால் விலை சல்லிசு என்றேன். சிரித்தார். "நூறு எழுதினா இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டீங்க. முப்பதுதான். மூணு தடவை வாங்கிக்கலாம். நாலாந்தடவைக்கு அவங்களையே கூட்டிட்டு வாங்க."

மலிவான வெள்ளை மாத்திரை? அதுவும் கேட்டேன். "மறந்துட்டீங்களா? அதைப் போட்டுத்தான் முதல்ல பதினஞ்சு நாள் வாந்தி எடுத்தாங்க." ஆமாம். அரிசிக் கஞ்சி கூட நிற்கவில்லை. ஆக இதுதான், வேறு கதி இல்லை.

எதில் செய்தது என்றேன். "கடையில பெரிய புட்டியோட ஒரு காகிதம் வரும். அதுல இருக்கும், படிக்கச் சொல்லுங்க. எதுல எடுத்தாலும் சுத்தம் பண்ணித்தான் வருது." அடுத்தவரைக் கூப்பிட மணி அடித்துவிட்டார்.

பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நானும் கண்டக்டரும் தின்றோம்.

ஐப்பசி 7, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. இலை நல்ல வரவு. முடித்துக்கொண்டு பெரிய கடை வீதி, சூசையின் மருந்துக் கடை.

"வாங்க ஐயரே. ஒவ்வொரு மாசமும் ரெண்டு நாள் லேட்டா வர்றீங்க. இந்த மாசம் வராமயே போயிடுவீங்கன்னு நெனச்சேன்." ஐயங்கார் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. சூசைக்கு நெற்றியில் எது இருந்தாலும் ஐயர்தான்.

விலை மறுபடி ஏறியிருக்கிறது. நாலரை ரூபாயிலிருந்து ஆறு. நயா பைசா வந்து ஐந்தாறு வருஷம் ஆகியும் சூசை அணாவில்தான் சமாதானம் சொல்கிறார்: "ஒரு மாத்திரைக்கு முக்கால் அணா கூடிருக்கு, அவ்வளவுதாங்க. கப்பல் சரக்கு. வர்றதே கொறஞ்சுபோச்சு. சீட்ட என்கிட்டயே விட்டுட்டுப் போங்க, மெட்ராஸுக்கு எழுதி அடுத்த மாசத்துக்கும் ஒதுக்கி வைக்கச் சொல்றேன்." விட்டேன். இதில் என் யோசனையும் உண்டு.

முப்பதை எண்ணிச் சின்னப் புட்டியில் போட்டார். பிறகு காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். பெரிய புட்டியின் அட்டைப்பெட்டிக்குள் எட்டாக மடித்து இருந்தது. எறும்பு எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தோடு நின்றவன், ஆனால் பார்வைக்குத் தெரியாது. சூசை கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். நல்ல சேதி. கிழங்கு! அமெரிக்காவுக்குத் தெற்கே ஒரு தேசம், பெயர் வாயில் நுழையவில்லை. அங்கே காட்டில் விளைகிறதாம். ஒரு கிழங்கைத் தூக்க நாலு ஆள். வெட்டினால் பால் வடியும். அந்தப் பாலைக் காய்ச்சி, வடிகட்டி, மாத்திரை. சுத்த சைவம்.

நாளை சொல்ல வேண்டும். வேதா கண்ணயர்ந்திருக்கிறாள், பாவம், ஆறு நாளில் முதல் தடவை.

ஐப்பசி 8, சனி

காலை காபிக்கு முன்பே சபை கூடிவிட்டது. சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, குறுக்கு விசாரணை.

"என்ன கிழங்கு?"

"நம்ம கருணைக்குப் பெரியப்பான்னு வெச்சுக்கோ."

"வெங்காயம் பூண்டு ஜாதி இல்லையே?"

"சேச்சே."

"கிழங்குக்குள்ள பொம்மனாட்டி உடம்புக்கு வேண்டியது எப்படி மாமா இருக்கும்?"

இதற்கு வக்கீல்கூட விழித்திருப்பான். எனக்கு வந்தது: "பூமாதேவி பொம்மனாட்டி இல்லையாடீ?"

சிரித்தாள். ஈரத்துண்டோடு, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு, வாய்விட்டு. ரங்கராஜனும் சிரித்தார். ஆனால் அவர் மட்டும் சிரித்து முடித்த பிறகு, "சூசை நன்னா படிச்சுப் பாத்தாரா மாமா?" என்றார்.

"கண்ணாடி போட்டுண்டு. ரெண்டு தரம்."

வேதா கொஞ்ச நேரம் புட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்க ஆத்து வெள்ளத்தைச் சொன்னாலே ரெண்டு படி ஏத்திச் சொல்றவர். இதுல ஏத்தலையே?"

"இதுலயா ஏத்துவேன்!"

போட்டுக்கொண்டாள்.

ஐப்பசி 11, செவ்வாய்

மேகமூட்டம். குடைக்கம்பி ஒன்று போயிற்று, எட்டணா.

இரண்டு நாளாக வேதா நாலு மணி நேரமாவது தூங்குகிறாள். வேர்வை இருக்கிறது, குறைச்சல். நேற்று அவள் வகுப்பு முடியும்வரை நின்றே நடத்தினாளாம்.

ஆறு ரூபாய்க்கு வழி: ரங்கராஜன் ஷேவிங் கடைக்குப் போவது இனி வாரம் ஒரு நாள்தான். காபிப்பொடியில் சிக்கரி கூட. நான் வெற்றிலையைக் குறைப்பது (யோசனையில்). வேதா தனக்குப் பூ வேண்டாம் என்றாள். கூடாது என்று ரங்கராஜன் கோபித்தார். அவர் கோபித்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

கோயிலில் ரங்கவிலாசத்துக்குப் பக்கத்தில் நாலு பேர் கேட்டார்கள், வேதாவுக்கு இப்போது தேவலையா என்று. கிழங்குக் கதையைச் சொன்னேன். தூக்க ஆறு ஆள் என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஐப்பசி 13, வியாழன்

மறுபடி மழை. ஆற்றில் நல்ல சிவப்புத் தண்ணீர்.

வேதா பள்ளிக்கூடத்திலிருந்து சந்தோஷமாக வந்தாள். சயின்ஸ் டீச்சரிடம் சொன்னாளாம்.

"'கெழங்கா? நான் கேள்விப்படலையே, இருந்தாலும் இருக்கும்'னா மாமா. பேரைக் கேட்டா. பிள்ளைகளுக்குச் சொல்லணுமாம். சூசை கிட்ட ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிண்டு வாங்கோளேன்."

"அதுக்கென்ன" என்றேன்.

இன்று இலைக்காசு வசூலுக்குப் பெரிய கடை வீதி வழியாகத்தான் போக வேண்டும். சுற்றிக்கொண்டு போனேன். கால் வலி.

ஐப்பசி 16, ஞாயிறு. ஏகாதசி

மழை விட்டிருக்கிறது. அடுப்பில் அரிசித் தளிகை இல்லை. ரங்கராஜனுக்கும் எனக்கும் மட்டும் ரவை உப்புமா. எனக்கு ஏகாதசி ஒத்துக்கொள்ளாது, பித்தம்.

வேதா விடியற்காலையில் காவேரி ஸ்நானம் ஆகி, சேவித்துவிட்டு வந்தாள். தனியாக நடந்தே போய்விட்டு வந்தாள். பத்து நாள் முன்பு கிணற்றடிக்குப் போகவே சுவரைப் பிடித்தவள். நெற்றியில் வேர்வை இல்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை இன்னும்.

புட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"என்னடீ, இன்னிக்கா?"

"கிழங்குதானே மாமா. ஏகாதசிக்குக் கிழங்கு ஆகுமே. டாக்டரம்மாவும் ஒரு நாள் விடக் கூடாதுன்னுதானே சொன்னாராம்? ரெண்டு வருஷமா மாசம் ரெண்டு நாளும் அதுக்கு அடுத்த நாளும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனிமே அதுவும் வேண்டாம்." பிறகு கையை நீட்டினாள். "பெரியவா, உங்க கையாலேயே குடுங்கோ. உங்களாலதானே."

ரங்கராஜன் அடுக்களை நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 

கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, துளசி தீர்த்தத்தோடு விழுங்கினாள். வெறும் வயிற்றில். இன்று அவள் வயிற்றுக்குள் போகிற முதல் வஸ்து.

உப்புமாவைத் தள்ளி வைத்தேன். ரங்கராஜன், "என்ன மாமா, உங்களுக்குமா ஏகாதசி?" என்றார். பித்தம் என்றேன்.

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

சீட்டு நிஜம், டாக்டரம்மா நிஜம். (அவர் எழுந்தது ஜன்னலைச் சாத்த.) சூசை இரண்டு தரம் படித்ததும் நிஜம். முதல் தரம் படித்துவிட்டு என் நாமத்தைப் பார்த்தார். இரண்டாம் தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சினையா இருக்கிற பெண் குதிரையோட மூத்திரத்துலேர்ந்து எடுக்கறதுன்னு போட்டிருக்குங்க ஐயரே. வீட்டுல எப்படிச் சொல்லுவீங்க?" என்றார். கிழங்கு என்று அவர் சொல்லவே இல்லை. அங்கேயிருந்து மார்க்கெட்டுக்கு வந்தேன். கிழங்கு மண்டியில் கருணை மலையாகக் குவிந்திருந்தது. அதைத்தான் கதையாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

பெருமாளே குதிரை வாகனத்தில் புறப்படுகிறார் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஏறுவது வேறு, விழுங்குவது வேறு.