டீச்சருக்குச் சம்பளம் கேட்ட மனு

24 ஜூலை 2025, வியாழன்

இன்று பஸ் ஸ்டாண்டில் மூலனூர் வண்டியின் போர்டை, வண்டி நகர்வதற்குள் முழுதாகப் படித்துவிட்டேன். மூலனூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. படிக்கத்தான் போனேன். அடுத்தது பொங்கலூர். அதற்கடுத்த போர்டில் பாதியில் இருக்கும்போது கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"ஏறுறீங்களா இல்லீங்களா பெரியவரே?"

"படிச்சிட்டு இருக்கேனுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டி போய்விட்டது.

எனக்கு எழுபத்தொரு வயது. பனியன் கம்பெனியில் நாற்பது வருடம் அயர்ன் மாஸ்டர். எஸ், எம், எல் என்று துணியில் இருப்பதை அப்போது படமாகத்தான் தெரியும். பாம்பு, மலை, மண்வெட்டி. இன்று எல்லாம் எழுத்தாகிவிட்டன. சொல்லிக்கொடுத்தது எங்கள் லைன் வீட்டில் பக்கத்துக் கதவு சித்ராதேவி. என்னைத் தாத்தா முறையில் அப்புச்சி என்பாள். எட்டு மாதமாக, ஞாயிறுதோறும். தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறாள். இன்று நாலுக்கு மேல் போய்விட்டது. கை வலிக்கிறது. நல்ல வலி.

4 ஆகஸ்ட், திங்கள்

சித்ராதேவி இன்று முதல் பள்ளிக்கூடம் போகிறாள். படிக்க அல்ல, பாடம் நடத்த. பி.எட். இரண்டாம் வருடத்தில் பதினாறு வாரம் அரசுப் பள்ளியில் பாடம் எடுத்துப் பழக வேண்டுமாம். அவள் அம்மா ராமுத்தாயின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றேன்.

"இப்பவே அப்படிக் கூப்பிடாதீங்க அப்புச்சி. இது முடியோணும், பி.எட். பாஸ் பண்ணோணும், அப்பறம் டெட் பரீட்சை, அதுக்கு மேல இன்னொரு பரீட்சை. அத்தனையும் தாண்டுனாத்தான் டீச்சர்."

"நாப்பது வருசம் அயர்ன் போட்டேன். ஒருத்தரும் எங்கிட்ட பரீட்சை வெக்கலையே கண்ணு?"

"நீங்க தப்புப் பண்ணுனா ஒரு பனியன் கருகுமுங்க. நான் தப்பாச் சொல்லிக் குடுத்தா நாப்பது புள்ளைங்க தப்பாப் படிக்கும். பரீட்சை வெக்கட்டுமுங்க."

சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

9 ஆகஸ்ட், சனி

சம்பள நாள். லைன் முழுக்கக் கறிக்குழம்பு வாசம். சித்ராதேவி வந்ததும், "வாரச் சம்பளம் போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"சம்பளமெல்லாம் கிடையாதுங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. பதினாறு வாரமும் ஒன்றும் கிடையாதாம். ஒன்பதாம் வகுப்பு ஒரு பிரிவுக்குக் கணக்கு டீச்சரே இல்லை. இவள்தான் முழுப் பாடமும் நடத்துகிறாள், நோட்டுத் திருத்துகிறாள். பஸ்ஸும் சேலையும் அவள் செலவு. எங்கள் கம்பெனியில் நேற்று ரயிலிறங்கி, மொழி தெரியாமல், டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்து நிற்பவருக்கும் சனிக்கிழமை கூலி உண்டு. பழகுகிற ஆள் என்று யாரையும் வெறும் கையோடு அனுப்பினதில்லை.

இது என்ன கணக்கு?

13 ஆகஸ்ட், புதன்

நேற்று எழுதவில்லை. கண்ணாடியின் காது உடைந்துவிட்டது. நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

ராமுத்தாய்க்குக் காலில் நரம்பு சுருண்டு வீங்கிவிட்டது. நின்று செய்கிற வேலை. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் கம்பெனிக்குப் போகிறாள். வீட்டு வாடகை, காலேஜ் பீஸ் எல்லாம் சித்ராதேவி கம்பெனியில் அரை ஷிப்ட் பனியன் செக்கிங் பார்த்து வாங்கும் கூலியில்தான் ஓடுகிறது. அந்த ஷிப்ட் நாலு மணிக்கு. பள்ளிக்கூடம் விட்டு, பயிற்சிக்கு வந்தவர்கள் கிளம்ப நாலரை.

எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். பள்ளியில் இவளை மேற்பார்க்கும் ஜானகியம்மாள் டீச்சர், கடைசிப் பாடவேளையைத் தான் எடுத்துக்கொண்டு இவளை மூன்றரைக்கே அனுப்பிவிடுகிறாராம். "நாலரைன்னு போட்டு கையெழுத்து வெச்சிட்டு ஓடு, பஸ் போயிரும்" என்பாராம். யாருக்கும் தெரியாதாம்.

மதிய இடைவேளை நோட்டுத் திருத்தவே சரியாகிவிடுகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு பன். அதுதான் அவள் மதியச் சோறு.

5 செப்டம்பர், வெள்ளி

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாப் பூ கொடுத்தார்களாம். தலையில் வைத்தது போக மிச்சத்தை ஒரு தண்ணீர் பாட்டிலில் போட்டு எடுத்துவந்தாள். ஞாயிறு வர நேரம் இருக்காது என்று இன்றே என் நோட்டைத் திருத்த உட்கார்ந்தாள். திருத்திக்கொண்டே இருந்தவள், பேனாவைப் பிடித்தபடி தூங்கிப்போனாள். பேனா என் நோட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டது.

நான் எழுப்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் எழுதத் தெரியுமே. தெரிந்து என்ன செய்தேன், பஸ் போர்டு படித்தேன்.

கலெக்டருக்கு மனு எழுதப்போகிறேன். அவளிடம் சொல்ல மாட்டேன். ஒரு சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

7 செப்டம்பர், ஞாயிறு

மூன்று நாள், ஏழு தாள். ஏழாவது தாள்தான் சுத்தமாக வந்தது. அதை இங்கே பார்த்து எழுதுகிறேன்.

"ஐயா, வணக்கம். என் பெயர் அப்புசாமி. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் சித்ராதேவி அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறாள். அவளுக்குச் சம்பளம் இல்லை. அதனால் தினமும் மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து ஓடிப்போய் நாலு மணிக்குக் கம்பெனியில் வேலை செய்கிறாள். சாப்பிட நேரமில்லை. வேலை செய்கிறவருக்குக் கூலி கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அரசாங்கமும் வாரச் சம்பளம் கொடுத்து உதவ வேண்டும்."

பள்ளியின் பெயரும் காலேஜின் பெயரும் எழுதினேன். இதுவரை இவ்வளவு நல்லதாக நான் ஒன்றும் செய்ததில்லை.

8 செப்டம்பர், திங்கள்

கலெக்டர் ஆபீசில் குறைகேட்கும் நாள். ஏக கூட்டம். வெளியே மரத்தடியில் மனு எழுதிக்கொடுக்கிறவர் கூப்பிட்டார்.

"வாங்க சாமி, உக்காருங்க. பட்டாவா, பென்ஷனா?"

"நானே எழுதியாந்துட்டேனுங்க."

வாங்கிப் பார்த்தார். "கையெழுத்து மணிமணியா இருக்குது. எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா நாங்க எந்தக் கம்பெனிக்குப் போறதுங்க?"

உள்ளே மனுவை வாங்கி நம்பர் போட்ட சீட்டுக் கொடுத்தார்கள். வரும் வழியில் கரும்புச் சாறு குடித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை.

22 செப்டம்பர், திங்கள்

என் பெயருக்குத் தபால். என் பெயருக்கு! கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். கல்வி அலுவலகத்திலிருந்து. நகல் பள்ளிக்கும் காலேஜுக்கும்.

"பயிற்சி மாணவர்களுக்கு ஊதியம் வழங்க விதிகளில் இடமில்லை" என்பது முதல் செய்தி. வருத்தப்பட்டேன். அடுத்ததை மூன்று முறை படித்தேன்.

"மனுவில் தெரிவித்துள்ளபடி, மேற்படி மாணவி பள்ளி நேரம் முடியும் முன்பே வெளியேறி வேறு பணிக்குச் செல்வது குறித்து விசாரித்து அறிக்கை அனுப்புமாறு தலைமையாசிரியரும் கல்லூரி முதல்வரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தப்பாகப் படிக்கிறேனோ என்று விரல் வைத்துப் படித்தேன். தப்பு இல்லை.

நான் சம்பளந்தானுங்க கேட்டேன். சம்பளந்தானே கேட்டேன்.

23 செப்டம்பர், செவ்வாய்

ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், நாற்காலி போடச் சொன்னார். மேசைமேல் என் மனுவின் நகல் இருந்தது. என் கையெழுத்தை அங்கே பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

"அது பொய்யிங்க, தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிடறனுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாமயாங்க இருக்கும்? அந்தப் புள்ள ஓடறதை நானும் ஜன்னல்ல பாத்திருக்கறேன். நீங்க வாயில வந்து சொல்லியிருந்தா காதுல விழாத மாதிரி இருந்திருப்பேன். எழுத்தாக் குடுத்துட்டீங்களே. எழுத்துக்கு நான் எழுத்துலதான் பதில் சொல்லோணும்."

"இன்னொரு மனு எழுதித் தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றார். சட்டென்று சொன்னார்.

26 செப்டம்பர், வெள்ளி

காலேஜில் முடிவு சொல்லிவிட்டார்கள். இதுவரை போன எட்டு வாரமும் செல்லாது. அடுத்த வருடப் பிள்ளைகளோடு சேர்ந்து பதினாறு வாரமும் முதலிலிருந்து. ஜானகியம்மாள் டீச்சருக்கு மெமோ. இன்னும் மூன்று வருடத்தில் ரிட்டயர் ஆகிறவர்.

ராமுத்தாய் என் வாசலில் வந்து நின்றாள். காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுவது வருசம் எழுதாம இருந்தீங்களே, இன்னும் ரண்டு மாசம் இருந்திருக்கக் கூடாதுங்களா?"

திட்டியிருக்கலாம். 'ங்க' போட்டே கேட்டாள்.

28 செப்டம்பர், ஞாயிறு

சித்ராதேவி வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். காலேஜில் மனுவைக் காட்டினார்களாம்.

"ஏனுங்க அப்புச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பிரின்சிபால் ரூம்ல நின்னுட்டுப் படிக்கறேன். அழுகையும் வருது. அதோட, ஒரு தப்பும் இல்லாம எழுதியிருக்கறாருன்னு சந்தோசமும் வருது. எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்க."

நான் அழுதேன். அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாடம் நடத்தவில்லை. நானும் கேட்கவில்லை.

11 அக்டோபர், சனி

இப்போது அவள் முழு ஷிப்ட். இன்று வாரச் சம்பளம் வாங்கி வந்தாள்.

நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

2 நவம்பர், ஞாயிறு

"அடுத்த வருசம் முடிச்சிரலாமல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னொரு நாலு மாசம் சம்பளம் இல்லாம அம்மா தாங்காதுங்க. இந்தத் தடவை யாரு என்னைய மூனரைக்கு அனுப்புவாங்க?" என்றாள். கோபமே இல்லை. விலை கேட்டவருக்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

17 நவம்பர், திங்கள்

கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை தருகிறார்களாம். டிகிரி சர்டிபிகேட் காட்ட வேண்டும். அசல் எல்லாம் காலேஜில் இருக்கிறது. படிப்பை நிறுத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் திரும்பத் தருவார்கள். பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். இந்தத் தாளில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று ராமுத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம்.

சித்ராதேவி தாளை என்னிடம் கொண்டுவந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து படித்தேன். பெயர், வகுப்பு, சேர்ந்த வருடம். 'நிறுத்துவதற்கான காரணம்' என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தாள்.

"காரணம் இதில்லையே கண்ணு" என்றேன்.

அவள் என் கண்ணாடியை மெல்லக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"படிக்காமப் போடுங்க அப்புச்சி."

பாதுகாவலர் என்ற இடத்தை அவளே விரல் வைத்துக் காட்டினாள். போட்டேன். மை காயும்வரை தாளை ஊதிக்கொண்டு நின்றாள். பிறகு நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினாள். ஓடவில்லை. எட்டரை ஷிப்டுக்கு நேரம் நிறைய இருந்தது.