உன் பெயருக்கு ஒரு மீன் பெட்டி

மியாகோ,
அக்டோபர் கடைசி

என் யூசாகுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே கடற்காற்றில் குளிர் ஏறிவிட்டது. நம் வாசல் மேப்பிள் மரம் சிவக்கத் தொடங்கியிருக்கும், திரையைக் கொஞ்சம் விலக்கினால் தெரியும். நான் நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

கிளம்பும்போது உன் அறைக் கதவுக்கு வெளியே நின்று, சில நாள் ஊர் சுற்றிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். நீ பதில் சொல்லவில்லை, ஆனால் கேம் சத்தத்தைக் குறைத்தாய். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். குளிர்பெட்டியில் வைத்த கறிக்குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டாயா? நான் வெளியே போனால் நீ கீழே இறங்கி வருவது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. பால் தானாகக் குறையாது, நம் வீட்டில் பூனையும் கிடையாது.

திட்டம் ஒன்றும் இல்லாமல் ஊர் ஊராக இறங்கி ஏறுகிறேன். ஓர் ஊரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு முடிதிருத்தும் கடைக்காரர், பாதி சவரத்தில் ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் குடையோடு ஓடிவந்தார். "திருப்பித் தர வேணாம்மா. வழியில யாராச்சும் நனைஞ்சா குடுத்துடுங்க" என்றார். கடைக்குள்ளிருந்து ஒரு நுரை முகம் கையசைத்தது.

இன்று ஒற்றைப் பெட்டி ரயிலில் வந்தேன். பக்கத்தில் ரப்பர் பூட்ஸோடு ஓர் அக்கா வந்து உட்கார்ந்தாள். பெயர் தோமே, மீன் சந்தையில் கடை வைத்திருக்கிறாள். கேட்காமலே ஒரு சோற்றுருண்டையை என் மடியில் வைத்தாள். எங்கே போகிறாய் என்றாள். தண்டவாளம் போகிற வரைக்கும் என்றேன். "புருஷன்கூட சண்டையா?" என்றாள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன். "சரி, பிள்ளைங்க?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் உனக்குத் தெரியாது. 'பையன் ஒசாகாவில் வேலையாக இருக்கிறான்' என்பேன். பக்கத்து வீட்டிலும் அதுதான், உன் சித்தியிடமும் அதுதான். இன்று ஏனோ அது வாயில் வரவில்லை. "வீட்லதான் இருக்கான். ரொம்ப வருஷமா ரூமை விட்டு வர்றதில்ல" என்று சொல்லிவிட்டேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

அவள் உச்சுக்கொட்டவில்லை. "சாப்பிடுறானா?" என்றாள். சாப்பிடுகிறான் என்றேன். "மீனு?" என்றாள். சான்மா மீனைச் சுட்டு வைத்தால் முள் மட்டும் சீப்பு மாதிரி தட்டில் திரும்பி வரும் என்றேன். "அப்போ நல்லாத்தான் இருக்கான், விடு" என்றாள். அவ்வளவுதான். நான் சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவள் நிலையம் வந்ததும் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். "தோமே அக்கா, இன்னிக்கும் ஒரு ஆளப் புடிச்சாச்சா?" என்று ஓட்டுநர் சிரித்தார். சந்தையில் சூடாக மீன் சூப் கொடுத்தாள். பிறகு, உனக்கு ஒரு பெட்டி மீன் அனுப்பப் போவதாகச் சொன்னாள். பெட்டியில் எழுத என் பெயரைச் சொன்னேன். "நீ இங்க இருக்கே, அங்க பேய் வந்து வாங்குமா? அவன் பேரச் சொல்லு" என்றாள்.

அவன் கதவைத் திறக்க மாட்டான் என்றேன். "திறக்கலைன்னா திரும்பி வரும். வந்தா நானே தின்னுட்டுப் போறேன். ஆனா அவன் சார்பா நீ மாட்டேங்காத" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் பக்கத்துக் கடைக்காரி, "நாங்க கூப்பிட்டா எந்த ஆம்பளையும் வர மாட்டான், சான்மா கூப்பிட்டா வருவான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன்னை வைத்துச் சிரித்தேன் என்று கோபப்படாதே. எத்தனையோ காலமாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

நாளை படகு வந்ததும் ஐஸ் வைத்துக் கட்டி அனுப்புவாள். இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் நாளையே கதவுத் துவாரம் வழியாக விழுந்துவிடும். மறுநாள் காலை கூரியர்காரர் மணி அடிப்பார். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் நம் பெயர் முத்திரை, செருப்பு அலமாரியின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. அவரோடு பேச வேண்டியதில்லை. முகம் கழுவவில்லை என்றாலும் பரவாயில்லை. கதவைத் திறந்து பெட்டியை வாங்கிக்கொள். முடியாமல் போனால் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு? வருத்தப்படுவேன். ஆனாலும் உன் அம்மாவாகத்தான் இருப்பேன்.

உப்புத் தடவிச் சுடு. எல்லாவற்றையும் நீயே தின்றுவிடாமல் எனக்கும் ஒன்று வை. அந்தக் குடை இன்னும் என்னிடமே இருக்கிறது. வழியில் யாரும் நனையவில்லை, வீட்டுக்கே கொண்டுவருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணே. ஞாயிறு மதியம் வந்துவிடுவேன். சாவி என் பையில்தான் இருக்கிறது. ஆனாலும் மணி அடிப்பேன்.

உன் கதவுக்கு வெளியே எப்போதும் நிற்கும்
அம்மா