பாவுக்குப் பக்கத்தில் நின்ற கார்

1972, ஆவணி, வியாழன் இரவு.

மெட்ராசுக்குப் புடவை கொண்டுபோகத்தான் இந்தச் சின்னக் காரை வாங்கினேன். போன வாரம் மச்சான் சேகர் பேச்சைக் கேட்டு இன்ஜினுக்குப் பெரிய கார்பரேட்டர் போட்டோம். "வண்டி பறக்கும் மாமா" என்றான்.

இன்று காலை மூட்டையோடு கிளம்பினால் தெரு நீளத்துக்கும் பாவு. எதிர்வீட்டு முருகேசன் தறியில் ஏற்ற, மாம்பழ மஞ்சளில் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார். அதைச் சுருட்டும்வரை எங்கள் தெருவில் எந்த வண்டியும் நகராது. நானும் நின்றேன். புது கார்பரேட்டருக்குத்தான் நிற்கத் தெரியவில்லை. மிதிக்காவிட்டால் இன்ஜின் அணைகிறது, அணைந்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் மிதித்துக்கொண்டே இருந்தேன். சைலன்சர் எந்தப் பக்கம் என்று யோசிக்கவே இல்லை, மடையன்.

"நிறுத்துப்பா! பாவு மேல கரி அடிச்சிக்கினு இருக்குது பாரு!" என்று முருகேசன் கத்தினார்.

இறங்கிப் பார்த்தேன். மஞ்சளில் ஒரு முழத்துக்குக் கறுப்பு. அவர் பெண்ணின் முகூர்த்தப் புடவைக்கான பாவு அது. துடைத்தால் பரவும் என்று என்னைத் தொடவிடவில்லை. கரி பட்ட இழைகளை வெட்டி, புது இழை முடிந்து சேர்க்க, அவர் சம்சாரத்தோடு என் மனைவி கமலாவும் சாயங்காலம்வரை உட்கார்ந்தாள்.

முருகேசன் அதற்குமேல் திட்டவில்லை. "மெட்ராஸ் எங்கியும் ஓடிடாதுப்பா" என்றார். இன்று நான் மெட்ராஸ் போகவே இல்லை.

பழைய கார்பரேட்டரையே மாட்டச் சொல்லி சேகரிடம் சொல்லிவிட்டேன். கமலாவுக்கு அதில் திருப்தி.

நேற்று தென்னேரி ஏரிக்கரையில் வண்டி நிஜமாகவே பறந்தது. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.