செல்வியின் வயிற்றைத் தொடாதே

ஆடி 22, வெள்ளி
காலையிலேயே புழுக்கம். மகன் வயிற்றுப் பேத்தி செல்விக்கு எண்ணெய்க் குளியல். மூன்று வயசு. வலது விலாவுக்குக் கீழே உருண்டையாக ஏதோ தட்டியது. சின்ன மாங்காய் அளவு. வலி இல்லை, கிச்சுகிச்சு என்று சிரிக்கிறாள்.

பாடி ஊரிலிருந்து சம்பந்தியம்மா, மருமகளின் அம்மா, வந்திருந்தாள். மகன் கல்யாணத்தில் என் பாயசத்தைக் கஞ்சி என்றவள். மூன்றாம் பந்தி, ஜன்னலோரம், பச்சைப் புடவை. மறக்கவில்லை.

"குடலேத்தம்மா அது. வெளக்கெண்ண தடவி வழிச்சா எறங்கிடும்."

வழித்தேன். மூன்று தரம்.

ஆடி 25, திங்கள்
இறங்கவில்லை. திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி பட்டணத்து ஆஸ்பத்திரி. சம்பந்தியம்மாவும் கூட. ஸ்கேன். படத்தில் எனக்கு மேகம்தான் தெரிந்தது.

டாக்டரம்மா: "சிறுநீரகத்துல கட்டி. குழந்தைங்களுக்கு அபூர்வமா வர்றது. எடுத்துட்டு ஊசி போட்டா நிறைய பேர் பிழைச்சுக்கறாங்க. வயித்தை யாரும் அமுக்கலையே? உள்ள உடைஞ்சா பரவிடும்."

"நான்தான் வழித்தேன்" என்றேன்.

"நான்தான் வழிக்கச் சொன்னேன் டாக்டரு. அவங்கள திட்டாதீங்க" என்றாள் சம்பந்தியம்மா.

நல்ல காரியம். பாயசக் கணக்கு வேறு.

ஆடி 26, செவ்வாய்
கொண்டுபோக: ஃபிளாஸ்க், பழம்புடவை 2, தலையில்லாத பொம்மை.

கட்டிலில் அட்டை மாட்டிவிட்டார்கள்: வயிற்றைத் தொடாதீர்கள். செல்விதான் காவல். அப்பன் கிட்டே போனாலும், "தொடாத! டாக்டரம்மா ஊசி குத்தும்!" வார்டே சிரிக்கிறது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மூன்று தரம் வழித்தேனே.

ஆடி 28, வியாழன்
ஆபரேஷன். நானும் சம்பந்தியம்மாவும் ஒரே பெஞ்சு. அவள் என் கையைப் பிடித்திருந்தாள், நானும் விடவில்லை.

மத்தியானம் டாக்டரம்மா வந்தார். "கட்டி அந்தச் சிறுநீரகத்தோட முழுசா வந்துடுச்சு. உடையல. இன்னொரு சிறுநீரகம் நல்லா இருக்கு."

சம்பந்தியம்மா ஓவென்று அழுதாள். நான் அழவில்லை. கண்ணில் தூசி.

ஆவணி 4
மழை. மாதக்கணக்கில் ஊசி உண்டாம். முடி கொட்டுமாம், திரும்ப முளைக்குமாம். முளைக்கட்டும், சடை போட நான் இருக்கிறேன்.

இனிப்பு தரலாம் என்றார்கள். சம்பந்தியம்மா பாடியிலிருந்து தூக்குவாளியில் பாயசம். "நம்ம ஊட்டு பாயசம் கண்ணு, குடி."

செல்வி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். "கஞ்சியா, பாடி ஆயா?"

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக.