ஆறாம் மாடியில் நிற்கும் லிஃப்ட்

மார்ச் 3

அன்புள்ள அகராதிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போன் செய்தால் நீ 'ம்' போடுகிறாய், நான் 'அப்புறம்' என்கிறேன், இருவரும் மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் தாளை எடுத்தேன். உன் அண்ணன் உனக்கு வைத்த பட்டப்பெயரையும் நான் விடப்போவதில்லை. "அகராதி பிடிச்ச பய, கடைசியில அகராதி ஆபீஸ்லயே வேலைக்குச் சேர்ந்துட்டான்" என்று வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பார்.

போன வாரம் நீ வந்தது எனக்குத் தெரியும். கீழே காவலாளியிடம் பழப்பையைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டாய். ஜன்னலிலிருந்து பார்த்தேன். கோபமில்லை. உள்ளே வந்தால் லிஃப்டைப் பார்க்க வேண்டியிருக்கும். நானும்தான் அதில் ஏறுவதில்லை. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆறு மாடி படியேறுகிறேன். நவம்பரில் அந்தக் காலையிலிருந்து இப்படித்தான். உன் அண்ணன் கதவை இழுத்தார், திறந்தது, உள்ளே லிஃப்ட் இல்லை. பூட்டு தேய்ந்துபோயிருந்ததாம். தேய்ந்ததை நாலு பேர் அறிக்கை எழுதிக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது லிஃப்ட் கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருக்கிறது. மேலே 'இழப்பீடு' என்று தடித்த எழுத்தில் போட்டு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். நீ சட்ட அகராதி எழுதுகிறவன். இந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? இழந்ததை ஈடு செய்வது என்று எனக்கும் தமிழ் தெரியும். எதைக் கொண்டு எதை ஈடு செய்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சிரிக்காதே. லிஃப்ட் யாரும் கூப்பிடாமலே ஆறாம் மாடிக்கு வருகிறது. மணி அடிக்கிறது, புதுக் கதவு தானாகத் திறக்கிறது, உள்ளே ஆளில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. என் வீட்டுக் கதவுக்கு நேர் எதிரே. கட்டிடமே வேலைக்குப் போன பிறகு, பட்டப்பகலில். நான் என்ன செய்ய வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது?

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாசலோடு திரும்பியதைப் பற்றி எழுத வரவில்லை. தெரிந்த வேலையைச் செய்கிறேன்.

எங்கள் அகராதியில் இழப்பீடு என்ற சொல்லுக்கு மூன்றே வரி. அதன் முன்கதை பெரியது. பழைய ஆங்கிலச் சட்டத்தில், ஒருவர் விபத்தில் இறந்தால் எந்தப் பொருளால் இறந்தாரோ அந்தப் பொருளைக் குற்றவாளியாக வைத்தார்கள். வண்டி, குதிரை, சக்கரம், விழுந்த மரம், எதுவானாலும் சரி. அதை அரசன் எடுத்துக்கொள்வான். இறந்தவரின் ஆன்மாவுக்காக நல்ல காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்பது எண்ணம். அதற்கு 'டியோடண்ட்' என்று பெயர். லத்தீனில் கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது என்று பொருள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நின்றிருந்த வண்டியின் சக்கரத்தில் ஏறி விழுந்தால் சக்கரத்தை மட்டும் எடுப்பார்கள். ஓடும் வண்டி இடித்தால் வண்டி, குதிரை, சுமை எல்லாம் போகும். எதெல்லாம் மரணத்தை நோக்கி நகர்ந்ததோ அதெல்லாம் என்பது விதி.

போகப்போகப் பொருளுக்குப் பதில் அதன் விலையை வாங்கிக்கொண்டார்கள். பிறகு ரயில் வந்தது. விபத்தில் ஆள் செத்தபோது, விசாரித்த ஊர்க்காரர்கள் இஞ்சினுக்குப் பெரிய விலை போட்டார்கள். முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். 1846இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, அதே வருடம் குடும்பத்துக்குப் பணம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து கொன்ற பொருள் கணக்கில் இல்லை. செத்தவர் என்ன சம்பாதித்தார், இன்னும் எத்தனை வருடம் சம்பாதித்திருப்பார் என்பதுதான் கணக்கு. துக்கத்துக்கு அப்போது விலை போடவில்லை. சில நாடுகளில் வெகுகாலம் கழித்துப் போட்டார்கள். யார் கேட்கலாம் என்று ஒரு பட்டியலும் உண்டு: மனைவி, கணவன், பிள்ளைகள், பெற்றோர். உடன்பிறந்தவர் அந்த முதல் பட்டியலில் இல்லை. குறை சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னேன்.

கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அண்ணி. லிஃப்ட் வருவது ஏதாவது கோளாறாக இருக்கும். மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

உங்கள்
தம்பி


மார்ச் 14

அன்புள்ள அகராதிக்கு,

அந்தப் பழைய ஆட்களுக்கு மண்டையில் விஷயம் இருந்திருக்கிறது. உன் கடிதத்தை வைத்துவிட்டு நேரே குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். கம்பெனியின் பணம் அவர்களிடமே இருக்கட்டும், எனக்கு லிஃப்ட் வேண்டும் என்றேன். அந்தப் பெட்டியைக் கழற்றி, உடைத்து, என் கண் முன்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் கையெழுத்து.

"என்னம்மா இது, லிஃப்ட் மேல யாராவது கோபப்படுவாங்களா?"

"மனுஷங்க மேல கோபப்பட்டா நீங்க அவரக் காட்டுறீங்க, அவர் இவரக் காட்டுறாரு. லிஃப்ட் யாரையும் காட்டாதுல்ல?"

அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். கம்பெனிக்காரர்கள் மறுநாளே ஒப்புக்கொண்டார்கள். எப்படியாவது என் கையெழுத்து வந்தால் போதும் அவர்களுக்கு. அடுத்த மாதம் பெட்டி இறங்கும். புதிது வர ஆறேழு மாதமாகுமாம். எட்டாம் மாடி வாத்தியார் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஐந்தாம் மாடிப் பெண்ணுக்கு இது எட்டாவது மாதம். அவள் இப்போதும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள், அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் நான் மாறப்போவதில்லை. எனக்கு ஈடு அதுதான்.

அதற்கும் தெரிந்துவிட்டதோ என்னவோ, இப்போது அடிக்கடி வருகிறது. நேற்று மணி அடித்ததும் கதவைத் திறந்து எதிரே போய் நின்றேன். உள்ளே சுவர்க் கண்ணாடியில் நான் தெரிந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றிருந்தேன். நானாக அப்படி நின்றேனா என்று தெரியவில்லை.

அண்ணி


மார்ச் 18

அண்ணி,

நான் எழுதியது வரலாறு. யோசனை சொல்லவில்லை. என் வாயில் சனி.

எட்டாம் மாடிக்காரரை நினைத்துப் பாருங்கள். பஸ் டெப்போவில் அட்டவணை போடும் நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்த மனுஷன் அண்ணன். நோயாளிகள் வெயிலில் நிற்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்கூட்டியே காலி வண்டியை அனுப்பி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர் பெயரைச் சொல்லி அந்த வாத்தியாரைப் படியில் ஏற்றுவீர்களா?

அது உடைவதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. முதல் அடி நானே அடிக்க வேண்டும் போல இருக்கிறது. அதனால்தான் பயப்படுகிறேன். தயவுசெய்து அந்தக் கதவு திறக்கும்போது எதிரே போய் நிற்காதீர்கள்.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

இன்று அகராதி என்று கூப்பிட மனம் வரவில்லை.

மெக்கானிக் வந்தான். பெட்டியை எப்படிக் கழற்றுவது என்று அளவெடுக்க வந்தவன். முன்பிருந்தே இங்கே வந்து போகிறவன்தான், முகம் பார்க்கக் கூச்சப்பட்டான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது, கதவு திறந்தது, காலிப் பெட்டி வந்து நின்றது.

"பாத்தியா? இதுதான். யாரும் கூப்பிடல. இது என்ன கோளாறு?"

"கோளாறு இல்லக்கா, செட்டிங். யாரும் கூப்பிடாத நேரத்துல லிஃப்ட் எந்த மாடியில போய் நிக்கணும்னு மொட்டை மாடி ரூம்ல ஒரு போர்டுல வச்சிருப்போம். எல்லா இடத்துலயும் கீழ்த்தளம்தான். இங்க ஆறு."

"யாரு வச்சது?"

டம்ளரைக் கீழே வைத்தான். "நான்தான். சார் கேட்டாரு. மூணு வருஷம் இருக்கும். 'வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, காலையில வெளிய வந்தா லிஃப்ட் நிக்கணும். ஆள் வந்தப்புறம் வண்டி வந்தா அது என்னய்யா அட்டவணை'ன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. சொன்னா, எனக்காக எதுக்குக் கண்டவங்ககிட்ட போய் நிக்கிறீங்கன்னு திட்டுவாங்களாம்."

திட்டியிருப்பேன். கட்டாயம் திட்டியிருப்பேன்.

முன்பு கையால் இழுக்கும் கதவு, அதனால் லிஃப்ட் சத்தமில்லாமல் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. இப்போது தானாகத் திறக்கும் கதவு போட்டதால் தெரிகிறது. கதவை மாற்றினார்கள், பூட்டை மாற்றினார்கள், அந்தப் போர்டை யாரும் தொடவில்லை. மூன்று வருடமாக நான் ஒரு காலையும் லிஃப்டுக்காகக் காத்திருந்ததில்லை. என் ராசி அப்படி என்று கடையில் பெருமையடித்திருக்கிறேன்.

அவன் போன பிறகுதான் எனக்கு மற்றது உறைத்தது. நவம்பரில் அன்று காலை எண்ணெய் போடுவதற்காக யாரோ லிஃப்டை இரண்டாம் மாடியில் நிறுத்திவைத்திருந்தார்கள். இங்கே எச்சரிக்கைப் பலகை மாட்டவில்லை. நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதவை இழுத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "வா, நிக்குது" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. பார்க்காமல் எப்படிச் சொன்னார் என்று நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்காக அவரே நிறுத்திவைத்த வண்டி.

எதெல்லாம் நகர்ந்ததோ அதெல்லாம் என்று எழுதினாயே. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பெட்டி, பூட்டு, பலகை மாட்டாத கை. இதோடு நிறுத்த முடியவில்லை. அவர் போய்க் கேட்டது, அதற்குக் காரணமான என் முழங்கால். வண்டி மட்டும் போதாது தம்பி, இதையும்தான் ஒப்படைக்க வேண்டும். எந்த ராஜாவின் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவான்?

லிஃப்டை உடைக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். கம்பெனித் தாளிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடவா என்று மெக்கானிக் போனில் கேட்டபோது, இருக்கட்டும் என்றேன். ஆனால் ஏறவில்லை. காலும் வரவில்லை, மனசும் வரவில்லை. வண்டியை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நான் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

உடன்பிறந்தவர் பட்டியலில் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுக் குறை சொல்லவில்லை என்றாய். உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். சட்டம் கிடக்கட்டும். என் பட்டியலில் நீ இருக்கிறாய்.

அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் படித்தேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தால் மேஜையில் டியோடண்ட் என்ற அந்தப் பழைய சொல் கிடந்தது. 'வழக்கொழிந்தது' என்று அதற்குக் குறி போடச் சொல்லியிருந்தார் பதிப்பாசிரியர். போட்டேன். கை கூசியது.

அண்ணி, அந்தச் சட்டத்தைப் பற்றி நான் படித்த எதிலும் குதிரையையும் சக்கரத்தையும்தான் எடுத்திருக்கிறார்கள். மனைவியின் முழங்காலை ஒரு ராஜாவும் எடுத்ததாக இல்லை. ஒருவர் இன்னொருவர் மேல் வைத்த பாசத்தையும் எடுத்ததாக இல்லை. உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. சந்தேகமென்றால் புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டுகிறேன், அகராதி பிடித்தவன் ஆதாரமில்லாமல் பேசமாட்டேன்.

ஞாயிறு காலை வருகிறேன். இந்த முறை பையைக் காவலாளியிடம் கொடுக்கமாட்டேன். கீழே பொத்தானை அழுத்திவிட்டு, அது உங்கள் மாடியிலிருந்து இறங்கி வரும்வரை நிற்பேன். ஓடிவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டு நிற்பேன்.

மணி அடித்தால் பயப்படாதீர்கள். கதவு திறக்கும்போது உள்ளே ஆள் இருக்கும். செருப்பை மெதுவாக மாட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து இறங்கலாம். நீங்கள் வரும்வரை கதவு மூடாமல் நான் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் பட்டியலில் உள்ள
தம்பி